தொடர்வினை (ஆங்கில இலக்கணம்)

ஆங்கில இலக்கணத்தில் ஒரு வினைச்சொல் முன்னிடைச்சொல்லுடனோ வினையடையுடனோ சேர்ந்து புதுப்பொருள் தருமாயின் அது தொடர்வினை எனப்படும். எடுத்துக்காட்டாக, 'லுக்' என்பது பார்த்தலைக் குறிக்கும். 'லுக் ஃபார்' தேடுதலையும் 'லுக் இன்ட்டு' ஆராய்தலையும் குறிக்கும்.

வரலாறு

சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளியிட்ட தமது அகராதியின் முன்னுரையில், இத்தகைய வினைகள் அயல்மொழியினருக்கு மிகுந்த இடர் தருவன எனக் குறிப்பிட்டுள்ளார். இவற்றுக்கான 'ஃபிரேசல் வெர்ப்' என்னும் கலைச்சொல் லோகன் பியர்சால் சிமித் 1925-இல் வெளியிட்ட நூலில் இடம்பெற்றது.

பெயர்ச்சொல்லின் இடம்

'லுக் அப் த வேர்ட்ஸ்' (சொற்களை அகராதியில் பார்) என்னும் தொடரை 'லுக் த வேர்ட்ஸ் அப்' எனவும் கூறலாம். பன்மைப் பெயருக்குப் பதிலாக 'தெம்' என்னும் மாற்றுப்பெயர் வந்தால் அது நடுவில் மட்டுமே நிற்கும்: 'லுக் தெம் அப்'. இங்கு 'அப்' வினையடை ஆதலால் இடம் மாறுகிறது.

'லுக் ஆஃப்டர் த சில்ட்ரன்' (குழந்தைகளைக் கவனித்துக்கொள்) என்பது இவ்வாறு பிரியாது. 'ஆஃப்டர்' முன்னிடைச்சொல் ஆதலால் பெயருக்கு முன்னரே நிற்கும். 'லுக் ஆஃப்டர் தெம்' என்பதே சரி.

தமிழில் வேற்றுமை உருபு பெயரின் பின்னே ஒட்டி நிற்பதால் இத்தகைய இடமாற்றம் இல்லை. எனவே தமிழர் ஆங்கிலம் கற்கும்போது இவ்விரு வகைகளையும் பிரித்தறிதல் இன்றியமையாதது.