வைரத்தின் ஐந்தாம் குற்றம்

சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை மணிக்கடைத் தெருவைக் கோவலன் காண்கிறான். வைரத்துக்குரிய குற்றங்கள் நான்கினை இளங்கோவடிகள் அங்கே சொல்லிச் செல்கிறார். நான்கும் வணிகர் கண்ணுக்குப் புலப்படுபவை. எக்ஸ் கதிருக்கு மட்டுமே முதலில் புலப்பட்ட வேறொரு குற்றத்தைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம்.

படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தினால் படத்தட்டில் புள்ளிகள் விழும் என்பது 1912இல் லாவேயின் யோசனையால் தெளிவாயிற்று. அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால் சிதறிய கதிர்கள் சில திசைகளில் மட்டும் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன. அடுக்கு பிசகினாலோ, அணுக்கள் வெப்பத்தால் ஆடினாலோ, புள்ளிகளுக்கு அப்பாலும் சிறிது கதிர் சிதறும்.

1940இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனும் பி. நீலகண்டனும் வைரத்தின் படத்தில், விதிப்படி இருக்கக்கூடாத இடங்களில் கூர்மையான புள்ளிகளைக் கண்டனர். எக்ஸ் கதிரே படிகத்தின் அதிர்வைத் தூண்டிவிட்டுத் திரும்புகிறது என்றார் இராமன். வெப்ப ஆட்டமே காரணம் என்ற ஐரோப்பியக் கொள்கையை அவர் ஏற்கவில்லை.

லண்டனில் கேத்லீன் லான்ஸ்டேல் செய்தது எளிய காரியம். எனினும் வழக்கின் போக்கையே அதுதான் மாற்றியது என்பது எம் கருத்து. அவர் ஒரு வைரத்தோடு நில்லாமல் பல வைரங்களைச் சோதித்தார். மங்கலான சிதறல் எல்லாவற்றிலும் இருந்தது; வெப்பநிலைக்கேற்ப மாறியது. கூர்மையான உபரிப் புள்ளிகளோ வெப்பநிலைக்கு அசையவில்லை. 1934இல் முதல் வகை எனப் பிரிக்கப்பட்டிருந்த வைரங்களில் அவை தோன்றின. இரண்டாம் வகையில் அடியோடு இல்லை. எல்லா வைரத்துக்கும் பொதுவான அதிர்வு, சில வைரங்களில் மட்டும் பேசுமா? வைரத்தின் அமைப்பே ஒன்றல்ல, பல என்று 1944இல் இராமன் வாதிட்டார். ஆனால் வெப்ப ஆட்டமும் அப்புள்ளிகளை விளக்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. அந்த அளவில் அவருடைய ஐயம் நியாயமானதே.

விடை தாமதமாக வந்தது. கனசதுரத் தளங்களில் மெல்லிய தகடுகள் படிந்திருக்கவேண்டும் என்று 1956இல் பிராங்க் கணித்தார். முதல் வகை வைரங்களில் நைட்ரஜன் கலந்திருப்பதை 1959இல் கைசரும் பாண்டும் கண்டனர். 1962இல் இவான்ஸும் பாலும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தகடுகளையே படம் பிடித்தனர். அப்போது இராமன் உயிரோடிருந்தார்.

தகடு நைட்ரஜனால் ஆனது என்றே பலர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2018இல் அணு அணுவாகப் பார்த்தபோது அது பெரும்பாலும் கரியணுக்களே என்று தெரிந்தது. நைட்ரஜன் அணுக்கள் ஒன்றுகூடும்போது தம் இடத்தை விட்டு வெளியே தள்ளப்பட்ட வைரத்தின் சொந்த அணுக்கள் அவை.