பிறர் மேடையில் அரசின் குரல்

அரசு தன் குடிகளுக்கு ஒன்றை அறிவிக்க முற்காலத்திற் பறையறைந்தது, பின்னர் வர்த்தமானியில் அச்சிட்டது, தபாற் கந்தோர்ச் சுவரில் ஒட்டியது, வானொலியிற் கூறியது. இவற்றுள் எதனைக் கேட்பதற்கும் குடிமகன் தன் விருப்பு வெறுப்புகளை ஒரு வணிகரிடம் ஒப்புவிக்க வேண்டியிருக்கவில்லை. முகநூலும் டுவிட்டரும் வந்தபின் நிலைமை மாறிற்று. ஐரோப்பிய அமைச்சுகள் பல அங்கே குடியேறின. இடம் இலவசம், மக்கட் கூட்டமும் அங்கேயே இருந்தது. அவ்விடத்துக்கான வாடகையை வாசிக்க வந்தவர்களே தம்மைப் பற்றிய தகவல்களாகச் செலுத்தினர்.

இவ்வழக்கத்தை நீதிமன்றத்தின் முன் நிறுத்தியது ஜேர்மனியின் வடபாலுள்ள கீல் நகரத்து வழக்கொன்று. அங்குள்ள கல்வி நிறுவனமொன்று தன் முகநூற் பக்கத்தை மூடவேண்டுமென 2011இல் மாநிலத் தரவுப் பாதுகாப்பு அலுவலகம் கட்டளையிட்டது. பக்கத்தைப் பார்ப்பவர் முகநூல் உறுப்பினரல்லராயினும் அவரது கணினியிலே ‘குக்கீ’ என்னும் அடையாளக் குறிப்பு வைக்கப்பட்டது. அதனை அவருக்கு எவரும் தெரிவிக்கவில்லை. அஃது முகநூலின் செயல், எமக்கென்ன பொறுப்பு என்பது நிறுவனத்தின் வாதம். 2018 யூன் 5ஆந் திகதி ஐரோப்பிய நீதிமன்றம், பக்கத்தை நடத்துபவரும் கூட்டுப் பொறுப்பாளியே எனத் தீர்த்தது. கல்வி நிறுவனத்துக்குப் பொருந்துவது அமைச்சுக்கும் பொருந்துமன்றோ?

மாற்றுவழி ஒன்று அதற்குள் உருவாகியிருந்தது. 2016இல் ஓய்கன் ரோச்கோ என்னும் இளைஞர் ஜேர்மனியிலிருந்து வெளியிட்ட மாஸ்டடோன் என்னும் மென்பொருளே அது. மின்னஞ்சலை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு எளிதில் விளங்கும். ஒரு நிலையத்தில் முகவரி வைத்திருப்பவர் மற்றொரு நிலையத்தாருக்கும் எழுதலாம். எல்லா நிலையங்களுக்கும் ஒரே முதலாளி இல்லை. நிலையங்கள் தம்முட் பேசுவதற்குரிய பொது விதிமுறை 2018 ஜனவரியில் உலகளாவிய வலைச் சங்கத்தின் ஒப்புதலைப் பெற்றது. விளம்பரமில்லை, வாசகரின் நடத்தையைக் கணக்கெடுத்து விற்கும் தேவையுமில்லை. அரசு தன் சொந்த முகவரியின் கீழேயே நிலையம் அமைப்பதால், அறிவிப்பு மெய்யானதா என்னும் ஐயமும் நீங்குகின்றது. வணிகர் வழங்கும் எந்த முத்திரையிலும் இதுவே மேலானது என்பது என் கருத்து.

ஜேர்மனிய மத்திய அரசின் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் உல்ரிச் கெல்பர் 2020இல் அத்தகைய நிலையமொன்றை நிறுவினார். 2021 முடிவதற்குள் முகநூற் பக்கங்களை மூடுமாறு அமைச்சுகளை வேண்டினார். அமைச்சுகள் அசையவில்லை! 2023 பெப்ரவரியில் மத்திய அரசின் பத்திரிகை அலுவலகத்துக்கு அவர் கட்டளையே பிறப்பித்தார். அலுவலகம் வழக்காடியது; 2025 யூலையிற் கொலோன் நிருவாக நீதிமன்றம் அலுவலகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. கூட்டம் எங்கேயோ அங்கே பேச விரும்புவது அரசின் இயல்பு. அதனை முற்றாகக் குறைகூறவும் இயலாது.

ஆயினும் பிறர் மேடைக்குக் கதவும் பிறர் கையிலேயே உள்ளது. 2022 ஒக்டோபரில் இலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கினார். அடுத்த ஆண்டு யூன் இறுதியில், கணக்கில்லாதவர் எதனையும் பார்க்கவியலாதவாறு சில நாட்கள் கதவு அடைபட்டது. கணக்குள்ளோருட் பெரும்பாலோருக்கும் நாளொன்றுக்கு இத்தனை பதிவுகளே என வரம்பிடப்பட்டது. அரசு அறிவிப்புகளும் அவ்வடைப்புக்குள் அகப்பட்டன. அவ்வாண்டிலேயே நெதர்லாந்து அரசு தனக்கென மாஸ்டடோன் நிலையம் திறந்தது. எம்மைப்போல் ஒலிபரப்புத் தொழிலிலுள்ள பிபிசியும் ஆறுமாதச் சோதனையாக ஒன்றை அமைத்து, பின் அதனை நீடித்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் அநுபவம் சற்றே வருத்தந் தருவது. ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வொய்ச்சியெக் வியெவியுரோவ்ஸ்கி 2022 ஏப்பிரல் 28ஆந் திகதி ‘ஈயூ வொய்ஸ்’, ‘ஈயூ வீடியோ’ என இரு நிலையங்களைத் தொடக்கினார். ஒன்றியத்தின் நிறுவனங்கள் அங்கே எழுதின. வேறு நிலையங்களிலிருந்த குடிமக்கள் அவற்றைப் பின்தொடர்ந்தனர். கருவியிற் குறையில்லை. ஆனால் மேற்பார்வையாளரின் சிறு அலுவலகம் அதனை என்றென்றும் சுமக்க இயலாது. பொறுப்பேற்கும் நிறுவனமொன்றைத் தேடினர், எதுவும் முன்வரவில்லை. 2024 மே 18ஆந் திகதி இரண்டும் மூடப்பட்டன. ஐரோப்பிய ஆணைக்குழு மட்டும் தனக்கெனத் தனி நிலையம் அமைத்துக்கொண்டது. மாஸ்டடோனில் நிலையம் மாறுபவருடன் பின்தொடர்வோரும் மாறிச் செல்வர். எழுதிய பழைய பதிவுகளோ பழைய இடத்திலேயே தங்கிவிடும்.