கைநாட்டின் வரலாறு

எழுதப் படிக்கத் தெரியாதவரைக் 'கைநாட்டு' என்று எள்ளுவது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள வழக்கம். கையொப்பமிடுவோர் மேலோர், பெருவிரலை மையில் தோய்ப்போர் கீழோர் என்னும் எண்ணம் அச்சொல்லுள் ஒளிந்து கிடக்கிறது. இன்றோ பட்டம் பெற்றவரும் பதவியில் உயர்ந்தவரும் காலையில் அலுவலகத்துள் நுழைகையில் ஒரு சிறு கருவியின்மேல் விரலை வைத்தே தம் வருகையைப் பதிகின்றனர். இம்மாற்றத்தின் தொடக்கத்தைத் தேடிச் செல்வோமாயின், பிழைப்பு நாடி வந்த நாம் குடியிருக்கும் இவ்வங்க மண்ணிலேயே வந்து நிற்போம்.

1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஜங்கிப்பூரில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைக்கு வேண்டிய சரளை தருவதற்கு ராஜ்யதர் கோனாய் என்பாருடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். அத்தாளின் பின்புறத்தில் கோனாயின் உள்ளங்கை முழுவதையும் மையிட்டுப் பதிப்பித்தார். 'இது என் கையொப்பமன்று' என்று அவர் பின்னாளில் மறுத்துவிடாதபடி அச்சுறுத்துவதே அன்றைய நோக்கம். பின்னர்ப் பல்லாண்டுகள் தம் ரேகையையும் பிறர் ரேகையையும் சேர்த்து ஒப்பிட்ட ஹெர்ஷல், ஆண்டுகள் பல கடந்தும் அவை மாறாதிருப்பதைக் கண்டார். 1877இல் ஹூக்ளியில் நீதிபதியாக இருந்தபோது ஓய்வூதியம் பெறுவோர், பத்திரம் பதிவு செய்வோர், சிறைப்பட்டோர் ஆகியோரிடம் ரேகை வாங்கும் முறையைக் கொணர்ந்தார். இறந்தவர் பெயரால் இருப்பவர் ஓய்வூதியம் வாங்குவதைத் தடுப்பது அதன் பயன்களுள் ஒன்று.

ஜப்பானில் மருத்துவராயிருந்த ஹென்றி ஃபால்ட்ஸ், விரல் ரேகையால் குற்றவாளியை அறியலாம் என்று 1880இல் எழுதினார். ஃபிரான்சிஸ் கால்ட்டன் 1892இல் இத்துறைக்கென ஒரு நூலே வெளியிட்டார். ஆயினும் ஒரு பெருஞ்சிக்கல் எஞ்சியிருந்தது. ஆயிரக்கணக்கில் குவிந்த ரேகைத் தாள்களுள் ஒருவருடையதை எவ்வாறு தேடி எடுப்பது? கோப்புகளோடு வாழ்நாளைக் கழிக்கும் நம்போன்றோர்க்கு இச்சிக்கலின் கடுமை சொல்லாமலே விளங்கும்.

அதற்கு விடை கண்ட இடம் கல்கத்தா. வங்கக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின்கீழ்ப் பணிசெய்த அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவரும் இதில் உழைத்தனர். பத்து விரல்களும் ஐந்து இணைகளாகப் பகுக்கப்பட்டன. சுழி உள்ள விரல்களுக்கு இணை வரிசைப்படி 16, 8, 4, 2, 1 என மதிப்பு தரப்பட்டது. அம்மதிப்புகளைக் கூட்டிப் பெறும் எண்களால் எவருடைய தாளையும் 1024 பிரிவுகளுள் ஒன்றில் வைக்க இயன்றது. 1897இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகைக் கூடம் அமைந்தது. 1901இல் இம்முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது.

உலகம் இதனை 'ஹென்றி முறை' என்றே அழைத்தது. வரைவு எழுதுவோர் ஒருவர், ஒப்பமிடுவோர் வேறொருவர் என்னும் அலுவலக நியதி அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஹக்கின் பங்கினைப் பின்னாளில் ஹென்றியே எழுத்தில் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் அரசுப் பட்டங்களும் கிடைத்தன. எனினும் அம்முறையின் பெயரில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

இதே ஹென்றி 1900இல் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் காவல் பணியை ஒழுங்கமைத்தார். சில ஆண்டுகளில், 1906இல், டிரான்ஸ்வாலில் வாழ்ந்த இந்தியர் யாவரும் விரல் ரேகை தந்து பதிவு செய்துகொள்ள வேண்டும் என்னும் சட்டம் முன்வந்தது. குற்றவாளிகளிடம் கேட்பதை உழைத்து உண்ணும் குடிமக்களிடம் கேட்பதா என்று இந்தியர் கொதித்தெழுந்தனர். காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் பிறந்தது. அப்போராட்டத்தில் முன்னின்றவர் தம்பி நாயுடு. சென்னை மாகாணத்திலிருந்து மொரீசியஸ் சென்று குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர்.

1908ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கட்டாயமின்றித் தாமே முன்வந்து பதியலாம் என இசைந்த காந்தியடிகள், பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகம் நோக்கி நடந்தார். அவ்வுடன்பாட்டை ஏற்காத இந்தியர் சிலர் வழியிலேயே அவரைத் தாக்கினர். தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். காயங்களோடு படுத்திருந்த நிலையிலும் காந்தியடிகள் தம் ரேகையைத் தந்தார். ஆனால் அரசு சட்டத்தை நீக்காதது கண்டு, அவ்வாண்டு ஆகஸ்டில் பதிவுச் சான்றுகளை மக்கள் ஹமீதியா மசூதியின்முன் தீயிலிட்டனர். விரல் ஒன்றே; விரும்பித் தருகையில் அது நம்பிக்கை, அச்சுறுத்திப் பெறுகையில் அது அவமானம் என்பதை அவ்வாண்டு உலகறியச் செய்தது.

இனி, எம் இல்லத்தில் நிகழ்ந்ததொன்று. தந்தையார் மறைந்தபின் எம் அன்னையார் குடும்ப ஓய்வூதியம் பெறுகிறார். சில ஆண்டுகளுக்கு முன், நவம்பர்த் திங்களில், உயிர்ச்சான்று பதிவதற்காக அவரை அழைத்துச் சென்றோம். கருவி அவர் விரலை மூன்று முறை ஏற்க மறுத்தது. இளமையில் நாற்று நட்டு, பின்னர்ச் சாம்பலால் பாத்திரம் துலக்கித் தேய்ந்த விரல்கள் அவை. இக்கருவிகள் ரேகைக் கோடு முடியும் இடங்களையும் கிளைக்கும் இடங்களையும் குறித்துக்கொண்டு, முன்பு பதிந்தவற்றோடு ஒப்பிடுகின்றன. தோல் தேய்ந்தாலோ முதுமையில் வறண்டாலோ அப்புள்ளிகள் அவற்றின் பார்வைக்கு எட்டுவதில்லை.

"ஏம்ப்பா, நான் நானில்லேங்குதா இந்தப் பெட்டி?" என்று அன்னையார் கேட்டார். எமக்கு விடை சொல்ல நா எழவில்லை. இறுதியில் அங்கிருந்த அலுவலர் அவர் முகத்தை நோக்கினார். ஒரு படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் அன்னையார் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தார். ஹூக்ளியில் 1877இல் நிகழ்ந்தது போலவே வேலை முடிந்தது.

முகத்தைக் கொண்டே உயிர்ச்சான்று பதியும் வசதி 2021இல் வந்துவிட்டது. நன்றே. ஆயினும் கருவி கைவிடும் இடத்தில் மாற்றுவழி காட்டும் பொறுப்பு, மேசைக்கு இப்பால் அமர்ந்திருக்கும் நம்போன்ற எழுத்தர்களுடையது. எதிரே நிற்பவர் தேய்ந்த விரலோடு வந்த எவருடையவோ அன்னை என்பதை நாம் மறத்தலாகாது. நம் பிள்ளைகளும் 'கைநாட்டு' என்னும் சொல்லை இனி ஏளனமாக வழங்காதிருப்பாராக. அவர்தம் கையொப்பம் அழகுற அமைந்தது, அவ்விரல்கள் தேய்ந்ததனாலன்றோ!