கல்யாண விருந்தினர் கண்ட பம்பாய்

பம்பாய் மாநகரில் வாழும் தமிழ்க் குடும்பம் எதுவாயினும், அவ்வீட்டில் ஒரு திருமணம் உறுதியானவுடன் ஊரிலிருந்து மூன்று வினாக்கள் தவறாமல் வந்து சேரும். எங்கே தங்குவது? எங்கே சாப்பிடுவது? எதைப் பார்ப்பது? முன்னாளில் இவை அஞ்சலட்டையில் வந்தன. இந்நாளில் கைப்பேசியில் வருகின்றன. முதல் வினாவுக்கு விடை கூறுதல் மணவீட்டாரின் கடன். அதில் நாம் தலையிடுவதற்கில்லை. மற்றிரண்டுக்கும் விடை கூறப் புகுந்தால், அது இந்நகரில் நம்மவர் வந்து காலூன்றிய வரலாறாகவே விரிந்துவிடுகின்றது. அவ்வரலாற்றின் ஒரு பகுதியை இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம். பம்பாய் என்னும் பெயர் 1995 முதல் மும்பை ஆயிற்று என்பதை நாம் அறிவோம். பழங்கதை பேசுமிடத்துப் பழம்பெயரையே ஆள்கின்றோம், அன்பர்கள் பொறுத்தருள்க.

இந்தியாவின் முதற் பயணிகள் இரயில் 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு ஓடிற்று. ஆயினும், சென்னையிலிருந்து வந்த இருப்புப்பாதையும் பம்பாயிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் கைகோத்தது 1871 ஆம் ஆண்டில்தான். அதன்பின் நம்மவர் வருகை மெல்ல மெல்லப் பெருகிற்று. 1896 இல் பம்பாயைப் பிளேக் நோய் சூறையாடியது. நெருக்கமான சந்துகளே நோய்க்கு இடங்கொடுத்தன என்று கருதிய அரசு, 1898 இல் நகர மேம்பாட்டு டிரஸ்டை நிறுவிற்று. அந்த டிரஸ்ட் வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாட்டுங்கா பகுதிகளை அகன்ற தெருக்களும் பூங்காக்களும் உடைய குடியிருப்புகளாக வகுத்தது. கொள்ளைநோய் ஒன்று வந்து போனதன் விளைவாக எழுந்த பேட்டையே பிற்காலத்தில் தென்னாட்டாரின் தலைநகர் ஆயிற்று. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லாவுக்கு முதல் மின்சார இரயில் ஓடிற்று. அவ்வாண்டுகளில் தொடங்கிய மின்மயம் புறநகரில் குடியிருந்து கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லுதலை எளிதாக்கிற்று.

அந்நாளில் வந்தவர் பெரும்பாலும் இளைஞர். திருமணம் ஆகாதவர், அல்லது மனைவியை ஊரில் விட்டு வந்தவர். கையில் ஒரு சான்றிதழ், தட்டச்சிலும் சுருக்கெழுத்திலும் தேர்ச்சி, யாரோ ஓர் உறவினரின் முகவரி ஆகிய இம்மூன்றே அவர்தம் முதல். ஓர் அறையில் நால்வர் ஐவர் படுத்துறங்கலாம். ஆனால் நால்வர் ஐவர் சமைத்துண்ண இயலாது. ஆகவேதான் மாதப் பணம் கட்டிச் சாப்பிடும் மெஸ்களும் போர்டிங்குகளும் தோன்றின. இன்று விருந்தினர் வரிசையில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்ளும் இப்புகழ்பெற்ற உணவகங்கள், சுற்றுலாப் பயணிகளுக்காகப் பிறந்தவை அல்ல. பசித்த குமாஸ்தாவுக்காகப் பிறந்தவை.

இன்னொன்றும் கருதற்பாலது. அந்தக் குமாஸ்தாவின் கல்யாணம் பம்பாயில் நடைபெறவில்லை. விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்று, தாலி கட்டிவிட்டு, சில நாட்களில் திரும்பி வந்தார். அவருடைய பெண்ணுக்கும் பிள்ளைக்கும் மணமுடிக்கும் காலம் வந்தபோதுதான் நிலைமை தலைகீழாயிற்று. மாப்பிள்ளை ஊரைத் தேடிச் சென்றது போய், ஊர் மாப்பிள்ளையைத் தேடி வந்தது. தந்தை தனியனாய் உண்ட அதே போர்டிங்கில், மகள் திருமணத்துக்கு வந்த பெரியப்பாவும் அத்தையும் பந்தியில் அமர்ந்தனர். கல்யாண விருந்தினர் என்னும் ஒரு வகுப்பார் இந்நகருக்குக் கிடைத்த வரலாறு இதுவே.

இனி அம்மனைகளைக் காண்போம். மாட்டுங்காவில் கஃபே மைசூர் 1936 இலும், ரூயா கல்லூரிக்கு அருகே மணி லஞ்ச் ஹோம் 1937 இலும், நிலையத்துக்கு அண்மையில் ராம ஆஸ்ரயா 1939 இலும், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ் 1940 இலும், அ. ராமநாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942 இலும் தொடங்கப்பட்டன. ஆறேழு ஆண்டுக்குள் இத்தனை! இவற்றுக்கு மூத்தது, அதே கிங்ஸ் சர்க்கிளில் 1932 முதல் நிற்கும் ஈரானியரின் கூலார் கடை. தென்னாட்டுக் காப்பிக்கும் ஈரானித் தேநீருக்கும் இடையே உள்ள தொலைவு அங்கே ஒரு சாலையின் அகலமே. கிங்ஸ் சர்க்கிள் பூங்கா இப்போது மகேசுவரி உத்யான் எனப்படுகின்றது. வாடகைக் காரோட்டியிடம் பழம்பெயரைச் சொன்னாலும் கொண்டு சேர்ப்பார்.

1942 என்னும் ஆண்டைச் சற்று நின்று நோக்குக. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பர்மா ஜப்பானியர் கைப்பட்டதனால் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோயிற்று. மறு ஆண்டு, 1943 மே மாதத்தில், பம்பாயில் உணவுப் பங்கீடு வந்தது. அரிசியை அளந்து கொடுக்கும் காலத்தில், இலை போட்டு வயிறாரச் சோறிடும் தொழிலில் ஒருவர் இறங்கியது சிறு துணிச்சலன்று. அந்த மனையில் இன்றும் வாழையிலையும் மறுசோறும் உண்டு. மாடிப்படி ஏறிச் சென்று, சீட்டு வாங்கி, முறை வரும்வரை அமர்ந்திருக்க வேண்டும். கல்யாணப் பட்டுப் புடவையோடு செல்வோர் இதனை நினைவிற் கொள்க.

ஈண்டு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். இம்மனைகளைத் தமிழர் மனைகள் என்று நம் விருந்தினர் எண்ணிக்கொள்கின்றனர். கஃபே மெட்ராஸ் என்ற பலகையைக் கண்டால் வேறு எவ்வாறு எண்ணுவர்? ஆனால் இவற்றுட் பலவற்றை நிறுவியோரும் நடத்துவோரும் தென் கன்னடக் கடற்கரையினர். காமத்துகளும் நாயக்குகளும் வீட்டில் கொங்கணி பேசுவோர். உடுப்பிக் கிருஷ்ணன் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த சமையற்கலையே இவர்களுக்குத் தாய்வீடு. சாம்பாரில் வெல்லச்சுவை தட்டுகின்றதே என்று நம் திருநெல்வேலி உறவினர் முகஞ்சுளிப்பதன் காரணமும் அதுவே. இதில் நாம் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. சென்னையிலேயே 1938 இல் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கியவர் உடுப்பியைச் சேர்ந்த கே. கிருஷ்ணராவ் அல்லரோ! தமிழன் ஓட்டல் இட்லியைத் தன் ஊரிலேயே உடுப்பியார் கையால் உண்டு பழகியவன்தான்.

வடநாட்டார் பார்வையில் இவ்வேறுபாடுகள் எல்லாம் மறைந்துபோயின. தமிழன், மலையாளி, கன்னடியன், துளுவன், கொங்கணி அனைவரும் ஒரே சொல்லில் அடங்கினர்: மதராஸி. அச்சொல் வேடிக்கையாக இருந்த காலமும் உண்டு. வேடிக்கை அல்லாத காலமும் வந்தது. 1966 சூன் 19 அன்று சிவசேனை தொடங்கப்பட்டது. அலுவலக வேலைகள் தென்னாட்டார் கைக்குப் போகின்றன என்பதே தொடக்க ஆண்டுகளில் அதன் தலையாய முறையீடு. வேட்டியை ஏளனம் செய்யும் முழக்கம் தெருத்தெருவாய்க் கேட்டது. உடுப்பி உணவகங்கள் சில கல்லெறிக்கும் சூறைக்கும் உள்ளாயின. அலுவலகத்தில் அமர்ந்திருப்பவனைத் தேடிப்பிடித்தல் அரிது. தெருவில் பலகை மாட்டிய ஓட்டல் எளிதில் அகப்படும். குமாஸ்தாவின் மேல் கொண்ட சினம் அவனுக்குச் சோறிட்டவன் கண்ணாடியில் விழுந்தது. இந்நகரின் மராத்தியர் வேலையின்றி வாடியது உண்மை. அதனை மறுப்பது அறமாகாது. ஆனால் அதற்குத் தோசைக்கல் எவ்வாறு பொறுப்பாகும் என்பது இன்றும் நமக்கு விளங்கவில்லை. அதே 1966 இல்தான் தாதர் நிலையத்தின் வெளியே வடாபாவ் முதன்முதல் விற்கப்பட்டது என்பர். உடுப்பிச் சிற்றுண்டிக்கு மாற்றாக அதனைச் சேனையினர் ஊக்கினர். விருந்தினர் அதனையும் ஒன்று வாங்கி உண்ணலாம். நன்றாகவே இருக்கும், சிற்றுண்டியோடு நமக்குப் பகை எதற்கு?

மாட்டுங்காவைப் பற்றி இவ்வளவு கூறிவிட்டுத் தாராவியைப் பற்றி வாய்திறவாதிருத்தல் நம் மலர்களில் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கை இம்முறை விடுகின்றோம். இரு பேட்டைகளும் அருகருகே உள்ளவை, நடந்தே செல்லலாம். ஆனால் கல்யாண மண்டபத்திலிருந்து வண்டி எடுப்பவர் ஒருவரும் அப்பக்கம் திரும்புவதில்லை. மாட்டுங்காவுக்குக் குமாஸ்தா வருமுன்பே தாராவிக்குத் தமிழர் வந்துவிட்டனர். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் அவர்கள். அங்குள்ள பெரிய பள்ளிவாசல் 1887 இலும், பிள்ளையார் கோயில் 1913 இலும் எழுந்தவை. தென்னாட்டு உணவகங்கள் பலவற்றில் சாதி பார்த்துப் பந்தி விரித்த நாட்களில், தோல் ஊறவைத்த கையோடு வந்தவருக்கு எந்த மனையில் இலை விழுந்திருக்கும் என்பதை அன்பர்களே எண்ணிக்கொள்க. அவர்கள் தம் சோற்றைத் தாமே ஆக்கிக்கொண்டனர். பின்னர் ஊருக்கும் ஆக்கிக் கொடுத்தனர்.

விடியுமுன் தாராவியின் குறுகிய சந்துகளில் நூற்றுக்கணக்கான இட்லித் தட்டுகள் ஆவியில் வேகின்றன. முந்தின நாள் மாலையில் மாவு ஆட்டி, புளிக்கவைத்து, பின்னிரவில் அடுப்பேற்றி, சட்னியும் சாம்பாரும் கூட்டி, அலுமினியப் பாத்திரங்களில் அடுக்கி, மிதிவண்டியின் பின்புறத்தில் கட்டிக்கொண்டு, இரப்பர்க் குமிழ் பொருத்திய ஊதுகுழலை அமுக்கியவாறு நகரத்தின் நாற்புறமும் செல்கின்றனர். அலுவலக வாயில்களிலும் கட்டடம் எழும் இடங்களிலும் காத்திருப்போர், மராத்தியரும் பீகாரியரும் குஜராத்தியரும், அந்த ஊதலைக் கேட்டு வருவர். பம்பாய் மக்களுட் பலருக்கு இட்லி என்பது மாட்டுங்காவின் மேசைப் பண்டம் அன்று. இந்த மிதிவண்டிப் பண்டமே. இத்தனை கைகளின் உழைப்பு எந்த வழிகாட்டி நூலிலும் பெரிதாக இடம்பெற்றதில்லை. தாராவி மறுசீரமைப்புக்கு 2022 இல் ஒப்பந்தப்புள்ளி முடிவாயிற்று. குடிசைக்கு மாற்றாக அடுக்குவீடு வருவது நன்றே. ஆயின் பின்னிரவில் அடுப்பேற்றவும், வண்டியை நிறுத்தவும், மாவுப் பானைகளை வைக்கவும் அவ்வடுக்குவீட்டில் இடமிருக்குமா? வீடு கிடைத்துத் தொழில் போய்விடின் என் செய்வது? திட்டம் வகுப்போரிடம் இவ்வினாவை எழுப்ப வேண்டியவர்களுள் நம் சங்கமும் ஒன்று என்பது எம் துணிபு.

பார்க்கத்தக்க இடங்களைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டியதில்லை. அபல்லோ துறையில் நிற்கும் இந்தியாவின் நுழைவாயில் 1911 இல் ஐந்தாம் ஜார்ஜ் வந்திறங்கியதன் நினைவுக்காக எழுந்தது. திறந்துவைக்கப்பட்டது 1924 இல். 1948 பிப்ரவரி 28 அன்று கடைசி ஆங்கிலப் படை அவ்வாயிலின் வழியே வெளியேறிற்று. வந்ததைக் காட்டிலும் போனதற்கே அக்கட்டடம் பெருமை பெற்றது என்போம். விக்டோரியா டெர்மினசை விருந்தினர் எப்படியும் கண்டுவிடுவர். 1950களில் உறவினரைத் தவறாமல் அழைத்துச் சென்ற இடங்கள் இரண்டு: 1949 இல் அமைந்த ஆரே பால் பண்ணையும், 1951 இல் திறந்த தாராபூர்வாலா மீன் காட்சிசாலையும். பின்னது மூடப்பட்டுவிட்டது. மலபார் குன்றில் நீர்த்தேக்கத்தின் மேல் அமைந்த தொங்கு தோட்டம் குழந்தைகளுக்கு ஏற்றது. தாதரில் இறங்குவோர், 'தாதர் டி.டி.' என்பதில் டி.டி. யாது என வினவுவர். டிராம் டெர்மினஸ் என்பதன் சுருக்கம் அது. டிராம் வண்டி 1964 மார்ச் 31 அன்றோடு நின்றது. பெயர் மட்டும் நிற்கவில்லை.

ஒரே ஒரு நாள்தான் கைவசம் உள்ளது என்போருக்கு நாம் எலிபெண்டாவையே சொல்வோம். நுழைவாயிலிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பின்னர்ப் படிக்கட்டு. முதியோரைப் பல்லக்கு நாற்காலியில் தூக்கிச் செல்வதும் உண்டு. ஆறாம் நூற்றாண்டினது என ஆய்வாளர் மதிக்கும் அக்குடைவரையில், ஏறக்குறைய இருபதடி உயரமுள்ள மூன்று முகத் திருமேனி இருளிலிருந்து மெல்ல வெளிப்படும். அதனைத் திரிமூர்த்தி என்று வழிகாட்டிகள் கூறுவர். அது சதாசிவனே என்பது அறிஞர் கொள்கை. தேவாரம் ஓதும் நம் பெரியோர் முதற்பார்வையிலேயே அதனைக் கண்டுகொள்வர். தீவின் உண்மைப் பெயர் காராபுரி. அங்கிருந்த கல்யானையைக் கண்ட போர்த்துகீசியர் எலிபெண்டா என்றனர். 1864 இல் அந்த யானையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக முயன்றபோது, தூக்கும் பொறி முறிந்து யானை சிதறிற்று. உடைந்த துண்டுகளைப் பொருத்தி நிறுத்தியிருப்பது பைகுல்லாவின் ராணி பாக்கில், இன்றைய ஜீஜாமாதா உத்யானத்தில். தீவைக் கண்டவர் அந்த யானையையும் காணாமல் ஊர் திரும்பலாகாது.

மாலைப்பொழுதுக்குச் சயான் அருகே சண்முகானந்தா அரங்கம் உண்டு. 1952 இல் தோன்றிய சபை 1963 இல் எழுப்பியது, 1990 இல் தீக்கிரையானது, 1998 இல் மீண்டும் திறந்தது. கச்சேரி உண்டா என்று முன்னரே விசாரித்துக்கொள்க.

இறுதியாக, நாள் பற்றி ஓர் எச்சரிக்கை. கல்யாணம் ஞாயிறன்று முடிய, மறுநாள் ஊர் சுற்றலாம் என்று விருந்தினர் திட்டமிடுவர். திங்கட்கிழமைதான் எலிபெண்டா குடைவரைக்கு விடுமுறை. கஃபே மெட்ராசும் அன்று திறப்பதில்லை. ஆதலின் தீவையும் மாட்டுங்காவையும் சனிக்கிழமைக்கே முடித்துக்கொண்டு, திங்கட்கிழமைக்குத் தாராவியை வைத்துக்கொள்க. விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் மிதிவண்டிகள் நகரத்துக்குள் சென்றிருக்கும்.