வரண்ட நிலமும் வரலாற்றுச் சின்னங்களும்: அரியாலையிலிருந்து ஒரு நோக்கு

பாலைநிலப் பிரதேசமொன்றிற் காணத்தக்கன எவை என்ற வினாவுக்குச் சுற்றுலா நூல்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரே தன்மையதாகும். மணற்குன்றுகள், கோட்டைகள், அரண்மனைகள், படிக்கிணறுகள், ஏரிகள் என அப்பட்டியல் அமையும். இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இப்பட்டியல் பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. வரண்ட நிலமொன்றின் இயற்கைக் காட்சிகளையும் வரலாற்றுச் சின்னங்களையும் இணைத்து நிற்பது நீராகும். அந்நீரைத் தேக்கியவர் யார், அதனைப் பெற்றவர் யார், மறுக்கப்பட்டவர் யார் என்று கேளாமல் இச்சின்னங்களை விளங்கிக்கொள்ளுதல் அரிது. இக்கருத்தை ராஜஸ்தானத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். குடாநாட்டைப் பொறுத்தவரை, யாழ்ப்பாண நகரின் கிழக்கு வாயிலாக அமைந்துள்ள அரியாலையை நாம் தொடக்கமாகக் கொள்கிறோம்.

யாழ்ப்பாணத்தைப் பாலைவனத்தோடு ஒப்பிடுதல் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். ஜைசல்மேர் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 200 மில்லிமீற்றர் மழையையே பெறுகின்றது. யாழ்ப்பாணமோ ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் பெறுகின்றது. எனினும் அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே பெய்துவிடுகின்றது. குடாநாட்டில் ஆறில்லை, மலையில்லை. நிலத்தின் அடியிலுள்ள மயோசீன் காலச் சுண்ணக்கல் மழைநீரை விரைந்து உள்வாங்கிக்கொள்கின்றது. தமிழ் மரபிற் பாலை என்பது தனி நிலமன்று என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. தொல்காப்பியம் பாலைக்கு நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பாலையை ஓர் இடமாக அன்றி, நிலத்துக்கு நேரும் ஒரு நிலைமையாகக் காணும் இப்பார்வை குடாநாட்டுக்குப் பெரிதும் பொருந்துவதாகும்.

ராஜஸ்தானத்தை முதலில் நோக்குவோம். 1156ஆம் ஆண்டளவில் நிறுவப்பட்ட ஜைசல்மேர், வணிகப் பாதையொன்றின் மீது எழுந்த நகர். அதன் கோட்டை 2013இல் ‘ராஜஸ்தானத்தின் மலைக்கோட்டைகள்’ என்னும் தொகுதியில் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. ஆயின் அந்நகர் உயிர்வாழ்ந்தது கோட்டைச் சுவரால் மட்டுமன்று. அதன் புறத்தே அமைந்த கடிசர் ஏரியில் தேக்கிய மழைநீரே நூற்றாண்டுகளாக அதன் குடிநீராயிற்று. ஆபானேரியிலுள்ள சாந்த் பாவடி ஏறத்தாழ 3,500 படிகளைக் கொண்டது. பார்ப்போரின் கண்ணைக் கவரும் அதன் ஒழுங்கு அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. ஆண்டின் பருவங்களுக்கேற்ப நீர்மட்டம் ஏறியும் இறங்கியும் வருதலின், எந்நிலையிலும் நீரை அணுகுதற்கு அப்படிகள் வழிசெய்தன.

இதன் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். சிறிதளவு நீரையே பயன்படுத்தும் வாழ்க்கைக்கென அமைந்த ஜைசல்மேர்க் கோட்டைக்குள், குழாய்நீரும் விடுதிகளும் பெருகிய பின்னர், கழிவுநீர் அடித்தளத்திற் கசிந்து சுவர்களையும் கட்டடங்களையும் பலவீனப்படுத்தியது. சின்னத்தைக் காண வருவோரின் தேவையே அச்சின்னத்தை அரிக்கும் இந்நிலை, சுற்றுலாவை வளர்ச்சியின் எளிய வழியாகக் கருதுவோர் கவனிக்கவேண்டியதொன்றாகும்.

குடாநாட்டில் இத்தகைய பெருங்கட்டடங்கள் இல்லை. நல்லூரில் ‘ப’ வடிவில் அமைந்த யமுனா ஏரி, கடலருகே நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணி, நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணறு ஆகியனவே பெயர்பெற்றவை. நிலாவரை ஆழங்காண முடியாத கிணறு என்பதும், இராமன் அம்பெய்து உண்டாக்கியது என்பதும் மக்கள் வழக்கு. சுண்ணக்கல் கரைந்து குகையாகி, அதன் கூரை இடிந்து வீழ்ந்தமையால் உண்டான பள்ளமே அது என்பது புவியியலார் தரும் விளக்கம். அதன் மேற்பகுதி நன்னீர், ஆழத்தில் உவர்நீர். குடாநாடு முழுவதற்கும் இதுவே பொதுவிதி. மழையால் வந்த நன்னீர், அடர்த்தி மிக்க உவர்நீரின் மீது வில்லைபோல் மிதந்து நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைப்பின் உவர் மேலெழும். ஒரு கிணற்றில் நிகழும் மிகை இறைப்பு அயற்கிணற்றையும் பாதிக்கும்.

எனவே யாழ்ப்பாணத்தின் உண்மையான நீர்ச்சின்னங்கள் ஆயிரக்கணக்கான சாதாரணக் கிணறுகளே எனலாம். அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கன தெருவோரக் கேணியும் சுமைதாங்கியும் ஆவுரஞ்சிக் கல்லும் மடமுமாகும். நீரிறைக்கும் இயந்திரம் பரவும்வரை துலாவில் ஏறி மிதித்தும், பட்டை பிடித்தும், வாய்க்காலில் நீரைத் திருப்பியும் உழைத்தோரின் கூட்டுழைப்பிலேயே புகையிலை, வெங்காயம், மிளகாய்த் தோட்டங்கள் நிலைபெற்றன. யாழ்ப்பாணத்தவரின் விடாமுயற்சி என்று போற்றப்படுவதன் பொருளியல் அடித்தளம் இவ்வுழைப்பே. அவ்வுழைப்பாளரிற் பலர் தாம் இறைத்த கிணற்றுக்கு உரிமையில்லாதவராயிருந்தனர்.

இவ்விடத்தில் நாம் மௌனமாதல் இயலாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் உயர்சாதியினரின் கிணற்றில் நீர் அள்ளுதல் தடுக்கப்பட்டிருந்தது. கிணற்றருகே குடத்துடன் காத்திருந்து, எவரேனும் அள்ளி ஊற்றும்வரை பொறுத்திருப்பதே அவர்தம் நாளாந்த வாழ்வாயிருந்தது. கே. டானியலின் ‘தண்ணீர்’ நாவல் இவ்விடயத்தையே பொருளாகக் கொண்டது. சாதியின் பேராற் பொதுவிடங்களில் விலக்கிவைத்தலைக் குற்றமாக்கும் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. ஆயினும் 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திற் புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அச்சட்டம் மட்டும் போதாதிருந்தமையைக் காட்டின. இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் உரியதன்று. மகாராஷ்டிரத்து மகாடில் 1927இல் அம்பேத்கர் தலைமையிற் பொதுக்குளத்து நீரை அருந்திய மக்கள் தாக்கப்பட்டனர். ராஜஸ்தானத்துச் சக்வாராக் கிராமத்தில், 2001இற்கூட, பொதுக்குளத்தில் இறங்கி நீராடிய தலித் மக்கள் கடும் எதிர்ப்புக்கு ஆளாயினர். படிக்கிணற்றின் படிகளை எண்ணும் ஆய்வாளர், அப்படிகளில் இறங்க எவர்க்கு உரிமையிருந்தது என்பதையும் எழுதுதல் கடன்.

இனி அரியாலைக்கு வருவோம். இங்கு உப்பாறு கடனீரேரியோடு கலக்கும் இடத்தில் 1950களில் அமைக்கப்பட்ட தடுப்பணையைக் காணச் செல்வோர் மிகச் சிலரே. ஆயின் அது ஒரு பெருங்கனவின் எச்சம். நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டத்தின்படி, கனகராயன் ஆறு சேர்க்கும் வெள்ளத்தை ஆனையிறவுக் கடனீரேரியில் தேக்கி நன்னீராக்குதல் வேண்டும். அதனை முள்ளியான் கால்வாய் வழியாக வடமராட்சிக் கடனீரேரிக்கும் அங்கிருந்து உப்பாற்றுக்கும் கொண்டுவருதல் வேண்டும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் அமையும் தடுப்பணைகள் கடல்நீரை மறிக்கும். அணைகள் எழுந்தன, ஆயின் இணைப்புக் கால்வாய் நிறைவுபெறவில்லை. கிழக்கே அமைத்த மண்ணணை வெள்ளத்தில் உடைந்தது. பின்னர் வந்த யுத்தம் எஞ்சியதையும் கைவிடச்செய்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், 1958இல், ராஜஸ்தான் கால்வாயின் பணி தொடங்கிற்று. பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர்பெற்ற அது இமயத்து நீரைத் தார்ப் பாலைவனத்தின் உட்பகுதிவரை கொண்டுசென்று பயிர்நிலத்தைப் பெருக்கியது. உடன் சில பகுதிகளில் நீர்தேங்கி நிலம் உவர்ப்படையவும் காரணமாயிற்று. நிறைவுபெற்ற திட்டமும் நிறைவுபெறாத திட்டமும் ஒருங்கே ஆராயப்படவேண்டியவை. 2024ஆம் ஆண்டு ஓகஸ்டில் வடமராட்சி கிழக்குத் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறந்துவைக்கப்பட்டது. இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்த பின்னணியிலேயே இவ்வழி தெரிவாயிற்று. குடிநீரும் பயிர்நீரும் ஒன்றுக்கொன்று பகையாகாதவாறு பங்கிடல் எவ்வாறு என்ற பழைய வினா இன்னும் தீரவில்லை.

தாளையடிக்கு வடமேற்கே, அதே கரையோரத்தில் மணற்காடு உள்ளது. குடாநாட்டிற் பாலைவனத் தோற்றத்தை நேரிற் காட்டும் இடம் இதுவே. காற்று குவித்த மணற்குன்றுகளுக்கிடையே பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சிதைவு பாதி புதைந்து நிற்கின்றது. மணல் நகர்வதைத் தடுக்கச் சவுக்கு மரங்கள் நடப்பட்டன. இக்கரையின் மணற்குன்றுகள் காட்சிப்பொருள் மட்டுமல்ல. மழைநீரை வடித்துச் சேமிப்பனவும் கடற்சீற்றத்தைத் தணிப்பனவுமாம். வடமராட்சி கிழக்கில் நடைபெறும் மணல் அகழ்வு இவ்விரு பணிகளையும் ஒருங்கே அழிக்கின்றது.

குடாநாட்டின் தொன்மையும் மண்ணுக்கடியிலிருந்தே வெளிப்பட்டது. கந்தரோடையில் போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரை மேற்கொண்ட ஆய்வுகளும், 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலையினர் நிகழ்த்திய அகழ்வும், 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையிற் கண்ட பெருங்கற்கால ஈமச்சின்னமும் பிராமி எழுத்துப் பொறித்த முத்திரையும் இந்நிலத்தின் வரலாற்றை ஆதிவரலாற்றுக் காலத்துக்குக் கொண்டுசென்றன.

அதே மண் அண்மைக்கால வரலாற்றையும் உள்ளடக்கியுள்ளது. அரியாலையை அடுத்த செம்மணி வெளியில் 1996இல் ஒரு பாடசாலை மாணவியும் அவரைத் தேடிச் சென்றோரும் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற படையினர் ஒருவர், நூற்றுக்கணக்கானோர் அங்குப் புதைக்கப்பட்டதாக நீதிமன்றிற் கூறினார். 1999இல் நடைபெற்ற அகழ்வில் 15 பேரின் எச்சங்கள் மீட்கப்பட்டன. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், அரியாலை சித்துப்பாத்தி இந்து மயானத்தில் எரியூட்டு மண்டபத்துக்கென நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் தொடர்ந்த அகழ்வில் அவ்வாண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கண்டறியப்பட்டன. அவற்றிற் சிறுவர்களுடையனவும் உள. பாடசாலைப் பையொன்றும் பொம்மையொன்றும் உடன் கிடைத்தன. ஆனைக்கோட்டையிற் கையாண்ட அகழ்வு நுட்பமே, மண்படையை அளந்து பதிந்து ஒவ்வோர் எலும்பையும் தூய்மைசெய்யும் அப்பொறுமையே, இங்கு நீதிக்கான சாட்சியத்தைத் தேடப் பயன்பட்டது. தொல்லியல் தொன்மைப் பெருமைக்கு மட்டும் உரிய துறையன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

யாழ்ப்பாணத்தின் காணத்தக்க இடங்களைத் தொகுப்போர் அப்பட்டியலை விரிவாக்குதல் அவசியம் என நாம் கருதுகிறோம். அரியாலைத் தடுப்பணை அதன் வரலாறு கூறும் குறிப்போடு பேணப்படவேண்டும். துலா மிதித்தோரிலும் கிணற்றருகே காத்து நின்றோரிலும் இன்று வாழும் முதியோரின் வாய்மொழிகள் காலந்தாழ்த்தாது பதியப்படவேண்டும். பல்கலைக்கழகமும் தமிழ்ச் சங்கங்களும் இப்பணியை உடன் தொடங்கலாம். மணற்காட்டுக் குன்றுகள் சட்டத்தாற் காக்கப்படவேண்டும். சித்துப்பாத்தி சுற்றுலாத் தலமாகலாகாது. உண்மை முற்றும் வெளிப்பட்டு, எச்சங்கள் உறவினரிடம் சேர்ந்த பின்னர், நினைவின் நிலமாக அது காக்கப்படவேண்டும். நிலத்தின் மேற்பரப்பில் நிற்கும் கோட்டைகளை எண்ணுவதோடு அதன் அடியிலுள்ள நீரையும் மனிதரையும் கணக்கிலெடுக்கும் போதே வரண்ட நிலத்தின் வரலாறு எழுதப்பட்டதாகும்.