வடகரையின் ஒரு காலைப்பொழுதும் அட்டாளைச்சேனைக் கரையும்: கையடக்கத் தொலைபேசியின் பயன் குறித்து ஒரு மறுவாசிப்பு

கையடக்கத் தொலைபேசியும் இணையமும் அன்றாட வாழ்வை மேம்படுத்தினவா என்ற வினாவுக்குத் தென்னாசியக் கடற்கரையிலிருந்து கிடைத்த விடைகளுள் மிகுதியாக எடுத்தாளப்படுவது, பொருளியலாளர் றொபேட் ஜென்சன் 2007இல் வெளியிட்ட வட கேரள மீனவர் பற்றிய ஆய்வாகும். மீன்பிடியையும் மத்திய கிழக்கு உழைப்பையும் நம்பி வாழும் கரை என்ற ஒற்றுமையால், அம்மலபார்க் கரைக்குச் சொல்லப்பட்ட முடிவு நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனத் தொடரும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கும் பொருந்தும் என்று தோன்றுவது இயல்பே. அவ்வாறு பொருத்துவதற்கு முன் அவ்வாய்வின் தொடக்கச் சான்றையே மீண்டும் படித்துப் பார்க்க வேண்டும் என்றும், இக்கரையில் தொலைபேசியின் நன்மை தீமைகளை மீன் விலையைக் கொண்டு அளப்பதைவிட, செய்தி வந்து சேரும் முனையில் அதனைச் சோதித்து ஊரறியச் செய்யும் பொது ஏற்பாடு இருந்ததா என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தம் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

ஜென்சன் கோழிக்கோடு, கண்ணூர், காசர்கோடு ஆகிய மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஐந்தாகப் பதினைந்து கரைச் சந்தைகளைத் தேர்ந்து, 300 மீன்பிடி அலகுகளின் விற்பனையை 1996 செப்டெம்பர் முதல் 2001 மே வரை வாரந்தோறும் பதிந்தார். தொலைபேசிச் சேவை கோழிக்கோட்டில் 1997 ஜனவரி இறுதியிலும், கண்ணூரில் 1998 ஜூலையிலும், காசர்கோட்டில் 2000 மேயிலும் தொடங்கியமையால், ஒரு மாவட்டம் சேவையைப் பெற்று அடுத்த மாவட்டம் பெறாதிருந்த இடைக்காலமே அவருக்கு ஒப்பீட்டுக் களமாயிற்று. கோபுரங்கள் கரையை ஒட்டி எழுப்பப்பட்டதால் அலைவரிசை 20 முதல் 25 கிலோமீற்றர் வரை கடலுக்குள்ளும் எட்டியது. மீனவர் வலையை ஏற்றிய கையோடு எந்தக் கரையில் விலை கூடுதல் என்று கேட்டறிந்து அங்கே படகைத் திருப்பினர். இதன் விளைவாக விலைச் சிதறல், அதாவது ஒரே நாளில் ஒரே மீன் வெவ்வேறு கரைகளில் வெவ்வேறு விலைக்குப் போகும் வேறுபாடு, பெருமளவு சுருங்கியது. பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணாகிவந்த நிலை ஏறத்தாழ இல்லாமற் போயிற்று. மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் உயர, நுகர்வோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒருசேரப் பயனடைந்தனர் என்று காட்டும் ஆய்வு அரிதென்பதால், இது பெற்ற புகழ் தகுதியற்றதன்று.

இவ்வாய்வின் நுழைவாயிலில் ஒரு காட்சி வைக்கப்பட்டுள்ளது. 1997 ஜனவரி 14ஆம் திகதி காலை, வடகரைக் கரையில் பதினொரு மீனவர் மீனை வாங்க ஆளின்றி நின்றனர். அதே வேளையில் 15 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த சந்தைகளில் இருபத்தேழு வாங்குநர் மீன் கிடைக்காமல் இருந்தனர். பதினொருவரும் மீனைக் கொட்டிவிட்டுச் சென்றனர் என்று முடியும் இக்காட்சியை 2007 மே மாதத்தில் 'எகனாமிஸ்ட்' இதழ் எடுத்துக்கூறிய பின், ஆய்வின் பட்டியல்களைவிட இந்த ஒரு காலையே பலர் நினைவில் நின்றது. எனவே இதனை ஒரு கல்வெட்டைப் படிப்பது போல் நிறுத்திப் படிக்க வேண்டியுள்ளது.

அந்நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஹிஜ்ரி 1417ஆம் ஆண்டின் ரமழான் நோன்பு 1997 ஜனவரி 10ஆம் திகதியை ஒட்டித் தொடங்கியது. பிறை கண்ட வேறுபாட்டால் ஊருக்கு ஊர் ஓரிரு நாள் முன்பின்னாக இருந்திருக்கலாம். எவ்வாறு கணக்கிட்டாலும் மாப்பிள்ளை முஸ்லிம்கள் செறிந்து வாழும் வடகரைக்கு அது நோன்பின் முதல் வாரமே ஆகும். அதே நாள் மகர சங்கராந்தியும் ஆகும். சபரிமலை மகரவிளக்குக்காக விரதம் பூண்ட வீடுகளில் மீனும் இறைச்சியும் விலக்கப்பட்டிருக்கும் காலத்தின் கடைசி நாள் அது. நோன்பு மாதத்தில் பகலுணவு நின்று சமையல் அஸர் தொழுகைக்குப் பிந்திய நேரத்துக்கு மாறிவிடும் என்பதும், காலையில் மீன் வாங்கும் வழக்கம் அதற்கேற்பத் தளர்ந்து மாலைக்கு நகரும் என்பதும் இத்தகைய கரையூர் எதிலும் வாழ்வோருக்குச் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. முஸ்லிம் வீடுகளும் விரத வீடுகளும் ஒரே காலையில் மீன்கடையைத் தவிர்க்கக்கூடிய ஒரு நாளை, ஆண்டின் எந்த நாளுக்கும் பொதுவான சந்தைக் கோளாறின் மாதிரியாக நிறுத்துவது எவ்வளவு பொருந்தும் என்ற வினா எழாமல் இருக்க முடியாது.

இவ்வாதத்தின் எல்லையையும் உடனே குறிக்க வேண்டும். அயற் கரைகளில் காத்திருந்த இருபத்தேழு வாங்குநரும் அதே நோன்புக் காலத்தில்தான் காத்திருந்தனர். ஆகவே தேவை எங்கும் ஒரே அளவில் வீழ்ந்துவிட்டது என்று கொள்ள இடமில்லை. அயற் கரைகளுக்கு அன்று மீன்வரத்துக் குறைந்திருக்கலாம். அவ்வாங்குநர் உள்ளூர்ப் பகற்சமையலை நம்பாமல் வெளியூருக்கு ஏற்றும் வியாபாரிகளாகவும் இருந்திருக்கலாம். இவற்றுள் எதனைக் கொள்வது என்பதை அக்காட்சி ஒன்றிலிருந்து மட்டும் தீர்க்க முடியாது. மேலும் ஜென்சனின் முடிவு ஒரு காலையை நம்பி நிற்பதன்று. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்து வாராந்தப் பதிவுகளை நம்பி நிற்பது. ஆயினும் ஒன்றை உறுதியாகச் சொல்லலாம்: அக்காட்சியில் குறையாகக் காட்டப்படுவது தகவல் மட்டுமே, நாட்காட்டி, கடன், உறவு ஆகியவை அதில் இடம்பெறவே இல்லை. நோன்பின் எத்தனையாவது நாளில் எந்த மீன் எவ்வளவு போகும் என்ற அறிவு வடகரை மீனவரிடம் தொலைபேசிக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அவ்வறிவு இருந்தும் அவர் கடலுக்குப் போனார் என்றால், போகத் தூண்டிய வேறு கட்டாயங்களைத் தேடுவதே ஆய்வாளரின் அடுத்த வேலையாக இருந்திருக்கும்.

அத்தேடலை 2013இல் ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரலும் கேரளக் கரைக்கே திரும்பிச் சென்று தொடங்கினர். மீனவர் கரையைத் தேர்வதில் விலையோடு கடன் உறவும் ஏலம் விடுபவரோடு உள்ள நெடுநாள் பிணைப்பும் சேர்ந்தே இயங்குகின்றன என்றும், எல்லாக் கரைகளும் எல்லாப் படகுகளும் விலை தேடி அலையும் வகையினவல்ல என்றும் அவர்கள் காட்டியது, ஜென்சனை மறுப்பதைவிட அவருடைய முடிவு எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று வரம்பு கட்டுவதாகும். கிழக்கிலங்கைக்கு இவ்வரம்பு இன்னும் நெருக்கமானது. வாடி எனப்படுவது கரையில் மீனை எடை போட்டு வாங்கி ஐஸ் இட்டு அனுப்பும் கொட்டிலாகும். வாடி முதலாளியிடம் முற்பணம் வாங்கி வலையும் இயந்திரமும் சேர்த்தவர், கல்முனையில் விலை கூடுதல் என்று கடலிலேயே அறிந்தாலும் தம் மீனை அந்த வாடிக்கே இறக்குவார். அவருக்குத் தொலைபேசி தரும் விலைச் செய்தி பயனற்றதன்று. ஆனால் அதைக் கொண்டு அவர் செய்யக்கூடியது முதலாளியோடு பேரம் பேசுவது மட்டுமே.

மலபாரில் கிடைத்ததைப் போன்ற தெளிவான தொடக்க நாளும் அம்பாறைக் கரைக்கு இல்லை. இலங்கையில் செல்டெல் நிறுவனம் 1989இலேயே, தென்னாசியாவுக்கு முதன்முதலாக, கையடக்கத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. எனினும் கிழக்கு அப்போது போர்க்களமாக இருந்தது. 2002 பெப்ரவரியில் கைச்சாத்தான போர்நிறுத்த உடன்பாட்டை எல்லையாகக் கொள்வது வசதியானதே. ஆனால் அதே காலத்தில் கடற்றொழில் மீதான பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, வீதிகள் திறந்தன, தென்னிலங்கை வியாபாரிகளின் லொறிகள் வரத்தொடங்கின. இவற்றிலிருந்து தொலைபேசியின் பங்கை மட்டும் பிரித்தெடுப்பது இயலாது. பின்னர் 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் வாயில் மணலால் அடைபட்டு, பெரிய படகுகள் உள்ளே வர முடியாமற் போனதும், ஒலுவில், நிந்தவூர்க் கரைகள் அரிக்கப்பட்டதும் இப்பகுதி மீனவரின் வருவாயில் ஏற்படுத்திய பாதிப்பை எந்த விலைச் செய்தியும் ஈடுசெய்திருக்க முடியாது.

இக்கரையில் தொலைபேசி ஏற்படுத்திய தெளிவான மேம்பாடு மத்திய கிழக்குக்குச் சென்றவரோடு வீடு பேசிய முறையிலேயே உள்ளது. 1980களில் சவூதிக்கும் குவைத்துக்கும் சென்றவர்களின் செய்தி வான்கடிதத்திலும் ஒலிநாடாவிலும் வந்தது. அடுத்து, வெளிநாட்டு அழைப்புக்கென வைக்கப்பட்ட 'கொமினிக்கேஷன்' கடைகளில் நேரத்தைக் கணக்கிட்டுப் பேசினர். இன்று ஐஎம்ஓ, வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். வீட்டுப் பணிப்பெண்ணாகச் சென்ற தாய் பிள்ளையின் காய்ச்சலை அன்றே அறிவதும், சம்பளம் மறுக்கப்பட்டதை அன்றே சொல்வதும் வாழ்வின் மேம்பாடே என்பதில் ஐயமில்லை. ஆனால் சொன்ன பின் என்ன நடக்கிறது என்பது, கேட்டவர் அதனை எந்த அலுவலகத்துக்குக் கொண்டுசெல்ல முடிகிறது என்பதைப் பொறுத்தது. அழைப்பு எட்டிய இடத்தில் செயற்படும் ஏற்பாடு இல்லையெனில், துயரம் விரைவாகத் தெரிந்ததாக மட்டும் அது முடிந்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை மிகக் கொடுமையாக விளக்குகிறது. புதுச்சேரியின் நல்லவாடு என்ற மீனவர் ஊரிலிருந்து சிங்கப்பூர் சென்று பணியாற்றிய இளைஞர் ஒருவர், சுமாத்திராவில் நேர்ந்ததைத் தொலைக்காட்சியில் கண்டு வீட்டுக்கு அழைத்தார். கடல்நீர் ஊருக்குள் வரத்தொடங்கியதாக மறுமுனையில் சொல்லப்படவே, எல்லாரையும் வெளியேறச் சொன்னார். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அமைத்திருந்த அறிவு மையத்தின் பூட்டை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் ஊர்மக்கள் அறிவிப்புச் செய்தனர். ஏறத்தாழ 500 குடும்பங்கள் உயிர் தப்பின. அழைப்பு மட்டும் இருந்திருந்தால் தப்பியது ஒரு குடும்பமாக இருந்திருக்கும்.

அன்று இலங்கை நேரப்படி நிலம் அதிர்ந்தது காலை 6.59 மணியளவில்; அம்பாறைக் கரையை அலை தாக்கியது 8.30 மணியை அடுத்து. இடைப்பட்ட ஒன்றரை மணி நேரத்தில் இக்கரைக்கு எந்த எச்சரிக்கையும் வரவில்லை. மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கிழக்கு அழிந்த செய்தியும் தெற்கை உரிய நேரத்தில் எட்டவில்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்தே பெரலியவில் கடுகதி ரயில் அலையில் சிக்கியது. அட்டாளைச்சேனை போன்ற ஊர்களில் ஒலிபெருக்கி இல்லாத பள்ளிவாசல் அரிது. ஜனாஸா அறிவித்தலும் ஊர்க் கூட்ட அறிவித்தலும் அதன் வழியே நாள்தோறும் சென்றுகொண்டிருந்தன. நல்லவாட்டில் பூட்டை உடைத்துத் திறக்க வேண்டியிருந்த வசதி இங்கே திறந்தே இருந்தது. அதனிடம் வந்து சேர வேண்டிய செய்திதான் வரவில்லை. 2005இன் அனர்த்த முகாமைத்துவச் சட்டத்துக்குப் பின் அச்செய்தி வந்து சேர்வதற்கான வழி அமைக்கப்பட்டது என்பதற்கு, 2012 ஏப்ரல் 11இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவிலான நிலநடுக்கம் நேர்ந்தபோது கரையோர மக்களுக்கு வெளியேறும் அறிவிப்பு விடுக்கப்பட்டது சான்றாகும்.

அழிவு வேறு வடிவில் வந்தபோது அத்தகைய வழி எதுவும் இருக்கவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருக்குச் சொந்தமான உணவகத்தில், உணவில் மலட்டு மருந்து கலக்கப்பட்டதாகக் கூறி அங்கிருந்தவரை மிரட்டி ஒப்புக்கொள்ளச் செய்த காணொளி முகநூலில் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. அத்தகைய மாத்திரை எதுவும் இல்லை என்று மருத்துவர்கள் கூறினர். உணவில் இருந்தது மாவுக் கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் உறுதிசெய்தார். ஆனால் பகுப்பாய்வு வருவதற்கு முன்பே வன்முறை கண்டி மாவட்டத்தின் திகனைக்குச் சென்றுவிட்டது. முகநூல் நிறுவனம் தன் தளத்தின் பங்குக்காக வருத்தம் தெரிவித்தது 2020 மேயில்தான்.

அரசு மேற்கொண்ட நடவடிக்கை, 2018 மார்ச் 7ஆம் திகதி முதல் முகநூல், வாட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்குவதாக இருந்தது. முகநூல் மீதான தடை 15ஆம் திகதி நீங்கியது. தாக்குதலுக்கு அஞ்சிய சமூகத்துக்கு, மத்திய கிழக்கிலிருந்த தாயோடும் மகனோடும் மலிவாகப் பேச இருந்த வழிகளும் அவையே என்பது அம்முடிவில் கருதப்பட்டதாகத் தெரியவில்லை. தடையை மீறும் மென்பொருள்களை அறிந்தவர் பேசினர். அறியாத முதியோர் பேசவில்லை. அந்நாட்களில் மீன் விலை ஏறியிருக்கலாம், இறங்கியிருக்கலாம். ஜென்சனின் அளவுகோலில் பதிவது அது மட்டுமே. அட்டாளைச்சேனையில் ஒரு வீடு அந்த வாரத்தில் இழந்ததை அளக்க வேறோர் அளவுகோல் தேவை. அது இன்னும் உருவாக்கப்படவில்லை.