ஜில்லா மாறிய கதை

ரொம்ப நாளா டிராஃப்ட்ல தூங்கிட்டு இருந்த பதிவு இது. சொந்தக் கதையும் கொஞ்சம் இருக்கறதால தயக்கம். இந்த வாரம் கம்பெனியில வேலை குறைவு, எழுதிட்டேன். மொக்கையா இருந்தா மன்னிச்சுக்கோங்க :-)

முதல்ல ஜியோகேஷிங். 2000 மே மாசம் அமெரிக்க அரசாங்கம் ஜி.பி.எஸ். சிக்னல்ல வேணும்னே கலந்து வெச்சிருந்த பிழையை எடுத்துட்டாங்க. அடுத்த நாளே, மே 3ந் தேதி, டேவ் உல்மர்னு ஒருத்தர் ஓரிகன் காட்டுல ஒரு வாளியைப் பொதைச்சு வெச்சு, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்துல போட்டு, "முடிஞ்சா கண்டுபிடிங்க"ன்னார். விளையாட்டு அங்க ஆரம்பிச்சது. அந்த ஊர்ல இன்னொரு கிறுக்கும் உண்டு. ஒவ்வொரு கவுண்டியா காரை எடுத்துட்டுப் போய் அங்க இருக்கற பழைய கோர்ட் கட்டடத்தைப் பாக்கறது. டெக்சாஸ்ல மட்டும் 254 கவுண்டி. ரெண்டையும் சேர்த்து ஒரே பயணமா பண்றவங்களும் இருக்காங்க.

நம்ம ஊர்ல வாளி எவன் பொதைச்சு வெப்பான்? ஆனா எனக்குத் தேட ஒரு பொருள் இருந்துச்சு.

எங்க கொள்ளுத்தாத்தா 1923ல வாங்குன நிலத்தோட கிரையப் பத்திரம். நாமக்கல் பக்கத்துல கொஞ்சம் மேட்டாங்காடு, அதோட கிணத்துல கால் பங்கு பாத்தியம். ஊர் பேரு சரி, நாலு பக்க எல்லை சரி. ஆனா மேல 'திருச்சிராப்பள்ளி ஜில்லா, நாமக்கல் தாலுகா'ன்னு இருக்கு. எங்க சித்தப்பா இதை வெச்சுத்தான், "நாமக்கல் எப்படிடா திருச்சி ஜில்லா? அது சேலமல்லோ? பத்திரமே போலி, கிணத்துல உங்களுக்குப் பங்கு கெடயாது"ன்னுட்டார். ரெண்டு வருஷமா அப்பாவும் அவரும் பேச்சுவார்த்தை இல்லை. பாட்டி காரியத்துக்குக்கூட ஆளுக்கொரு திண்ணையில உக்காந்தாங்க.

ஒரு சனிக்கிழமை காலையில நண்பனோட காரைக் கெளப்பினோம். கையில செல்போன் ஜி.பி.எஸ்., டப்பாவுல புளிசாதம். கோர்ட்டு, கோட்டை, கச்சேரி எல்லாம் பாத்துட்டு வர்றதா திட்டம்.

முதல்ல சேலம் அஸ்தம்பட்டி கோர்ட் வளாகம். லீவு நாள், வெளிய நின்னுதான் பாத்தோம். சேலம் கோர்ட்டுன்னா எனக்கு ஞாபகம் வர்றது ரெண்டு வக்கீல்கள். ஒருத்தர் ராஜாஜி, 1900ல இங்கதான் தொழிலை ஆரம்பிச்சார். இன்னொருத்தர் சேலம் சி.விஜயராகவாச்சாரியார். 1882 சேலம் கலவர வழக்குல அவரையே குற்றவாளியாக்கி பத்து வருஷம் தண்டனை கொடுத்தாங்க. மேல்முறையீட்டுல மெட்ராஸ் ஹைகோர்ட் விடுதலை பண்ணுச்சு. அதே மனுஷர்தான் 1920 நாக்பூர் காங்கிரசுக்குத் தலைவர். ஒரு தீர்ப்பு தப்பா இருந்தா இன்னொரு இடத்துல திருத்த முடியும்னு அவர் வாழ்க்கை சொல்லுது. எங்க வீட்டுக்கும் அப்படி ஒண்ணு கெடைக்குமான்னு நெனைச்சுக்கிட்டேன்.

அங்கிருந்து சங்ககிரி ரோடு. மகுடஞ்சாவடி பக்கத்துல ஜி.பி.எஸ். 78 டிகிரி கிழக்குன்னு காட்டுச்சு. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். நண்பன் மொறைச்சான். காரணம் இருக்கு. 1802 ஏப்ரல்ல பரங்கிமலைப் பக்கம் வில்லியம் லாம்டன் ஒரு அடிக்கோட்டை அளந்து ஆரம்பிச்சதுதான் இந்தியாவோட மகா முக்கோண அளவை. அதோட முதுகெலும்பு இந்த 78 டிகிரியை ஒட்டி, குமரி முனையில இருந்து இமயமலை வரைக்கும் போகுது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டை கோபுரம், மலைன்னு ஏத்தி அளந்திருக்காங்க. நம்ம செல்போன் ரெண்டு செகண்ட்ல சொல்றதுக்கு அவங்க ஆயுசையே கொடுத்தாங்க. லாம்டன் 1823ல வேலையிலயே செத்தும் போனார்.

சங்ககிரிக் கோட்டையில பாதி ஏறினதுக்கே மூச்சு வாங்கிடுச்சு. தீரன் சின்னமலையை 1805ல தூக்குல போட்ட இடம். மேல இருந்து பாத்தா சுத்தியும் சமவெளி. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில திப்பு கிட்ட இருந்து பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்துச்சு. அலெக்சாண்டர் ரீட் தலைமையில மன்றோ, கிரஹாம், மெக்லியட்னு நாலு ராணுவ அதிகாரிகள் ஊர் ஊராப் போய் வரி போட்டாங்க. விவசாயி கிட்ட நேரா தீர்வை வாங்கற ரயத்துவாரி முறை இங்கதான் உருவாச்சு. நம்ம பட்டாவுக்கு ஒரு வகையில இதுதான் பூர்வீகம்.

திருச்செங்கோடு வழியா நாமக்கல் வந்து சேர்றப்ப மதியம் தாண்டிடுச்சு. கோட்டை மலையைப் பாத்துக்கிட்டே புளிசாதத்தைக் காலி பண்ணிட்டு, ஒரு பழைய பத்திர எழுத்தர் வீட்டுக்குப் போனோம். வயசு எண்பதுக்கு மேல. பத்திர நகலைக் கண்ணாடி போட்டுப் பாத்தார். சிரிச்சார்.

"இது தப்பில்லீங்க தம்பி. அப்ப நாமக்கல் திருச்சி ஜில்லாதான். எங்கய்யன் எழுதுன பத்திரமெல்லாம் அப்படித்தான் இருக்கும்."

வீட்டுக்கு வந்து பழைய புத்தகங்களைத் தேடினேன். அவர் சொன்னது சரி. 1910ல நாமக்கல் தாலுகாவை சேலத்துல இருந்து எடுத்து திருச்சியோட சேர்த்திருக்காங்க. 1929ல மறுபடி சேலத்துக்கே கொண்டு வந்துட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா ஒரு மாட்யூலைத் தூக்கி வேற பிராஜெக்ட்ல போட்டு, 19 வருஷம் கழிச்சு ரோல்பேக் பண்ணின கதை. கொள்ளுத்தாத்தா நிலம் வாங்குனது நடுவுல, 1923ல. அந்த வருஷப் பத்திரத்துல 'சேலம் ஜில்லா'ன்னு இருந்திருந்தாத்தான் சந்தேகப்படணும்!

அப்புறமும் சேலம் உடைஞ்சுக்கிட்டேதான் வந்திருக்கு. 1965ல தர்மபுரி பிரிஞ்சுது. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் தனி மாவட்டம். 2004ல தர்மபுரியில இருந்து கிருஷ்ணகிரி பிரிஞ்சுது. இத்தனை கோடு மாறியும் எங்க கிணறு ஒரு அடிகூட நகரலை.

அடுத்த வாரம் அப்பா அந்தப் பழைய புத்தகப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துட்டு சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தப்பா ரெண்டு தடவை படிச்சார். ஒண்ணும் சொல்லலை. கிளம்பறப்ப, "அண்ணா, காபி குடிச்சுட்டுப் போங்க"ன்னார். கிணத்துப் பங்கு பத்தி இன்னும் பேசி முடியலை. ஆனா காபி குடிச்சாச்சு.

டிஸ்கி: உங்க வீட்டுப் பழைய பத்திரத்துல ஜில்லா பேரு விநோதமா இருந்தா, போலின்னு சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி வருஷத்தைப் பாருங்க.